கை என்ன பண்ணுச்சு?

நான் பணி ஓய்வு பெற்ற அன்று எங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் ஐந்து பேர் என்னைப் பற்றிப் பேசினார்கள். ஐந்து பேரும் ஒரே பொய்யைத்தான் சொன்னார்கள். "கோட்டைச்சாமி அண்ணனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்று. அவர்கள் மேல் குற்றமில்லை. அந்தப் பொய்யை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சோறு போட்டு வளர்த்தவன் நான்தான். கழுத்தில் ரோஜா மாலையும் தோளில் சால்வையுமாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சால்வையின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாகப் பேசியவன் அந்தோணி. என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன், கடலோரத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. அவனுடைய இடது கையில் இரண்டு விரல்கள்தான் மிச்சம். அந்தக் கையால்தான் மைக்கைப் பிடித்திருந்தான். "அன்னிக்கு இவன் இல்லேன்னா இன்னைக்கு நான் இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கைதட்டல் வெகுநேரம் நிற்கவில்லை.

டீ குடிக்கும்போது புதிதாகச் சேர்ந்த வயர்மேன்கள் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்கெல்லாம் இப்போது மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு கருவி கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் மின்சாரம் இருந்தால் கீச்சென்று கத்தும். எங்கள் காலத்தில் அது இல்லை. "இதுகூட இல்லாம எப்பிடிண்ணே ஏறுனீக? பயத்த எப்பிடி விட்டீக?" என்று கேட்டார்கள். நான் மீசையைத் தடவிச் சிரித்துச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். அவர்களுக்கு நான் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாயல்குடிக்கு வடக்கே, மிளகாயும் பருத்தியும் போடுகிற ஒரு மானாவாரி ஊர் என்னுடையது. எங்கள் கண்மாயில் தண்ணீர் நிற்பதே வருடத்தில் மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் மற்றப் பிள்ளைகள் குதித்து ஆடுவார்கள், நான் கரையிலேயே நிற்பேன். ஏழு வயதில் விளையாட்டுக்கு என்னை ஒருவன் தள்ளிவிட்டு, நான் கலங்கல் தண்ணீரைக் குடித்து மூச்சு முட்டி, யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அதன் பிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நான் இறங்கியதே இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடலோரத்து ஆட்கள் "நீச்சல் தெரியுமாப்பு?" என்று கேட்டபோது, "தெரியாம?" என்று திருப்பிக் கேட்டேன்.

ஒப்பந்தக் கூலியாக மூன்று வருடம் குழி தோண்டி, கம்பம் சுமந்து, பிறகு நிரந்தரமானோம். முதல் வாரமே ஒரு கம்பத்தின் பாதியில் நான் உறைந்துபோனேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றேன். ஏணி போட்டு இறக்கினார்கள். "ஏலே, கோழி கூட முருங்க மரத்துல ஏறிருமேடா" என்றார் ஒருவர். சிரிப்பு அலுவலகம் வரைக்கும் வந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று ஒரு முடிவெடுத்தேன். இனிமேல் எனக்குப் பயம் கிடையாது.

ஒருவன் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறானோ அப்படியே வளர்வான் என்று மேடையில் சொல்கிறார்கள். நான் அதற்குச் சாட்சி. மீசையைப் பெரிதாக வைத்தேன். இடுப்புப் பெல்ட் இல்லாமல் ஏறினேன். கையுறையைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு வெறுங்கையால் வேலை பார்த்தேன். வாலிநோக்கம் உப்பளப் பக்கத்து லைன்களில் கடல்காற்று கொண்டுவரும் உப்பு, கம்பிகளைத் தாங்குகிற பீங்கான்களில் வெள்ளையாகப் படிந்துவிடும். விடியற்காலைப் பனி அதில் இறங்கினால் பீங்கான் உஸ் உஸ்ஸென்று சீறும், சில நேரம் நீலமாக ஒரு கீற்று ஓடும். அதைத் துடைக்கிற வேலைக்கு நானே பேர் கொடுப்பேன். மேலே போனதும் என் காதுக்குள் இதயம் அடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்கும். கீழே வந்ததும் பீடி பற்றவைத்துக்கொண்டு, "இதெல்லாம் ஒரு வேலையா" என்பேன். இரண்டு வருடத்தில் நான் வேறு ஆளாகிவிட்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். உள்ளே இருந்த பயம் அப்படியேதான் இருந்தது. அதை மூடிவைக்கிற திறமை மட்டும்தான் வளர்ந்திருந்தது.

அந்தோணி நேர் எதிர். ஒவ்வொரு முறையும் ஏறுவதற்கு முன்னால் கம்பத்தில் கை வைத்து, சிலுவை போட்டுக்கொண்டு, சத்தமாகவே சொல்வான்: "மாதாவே, எனக்குப் பயமா இருக்கு." சொல்லிவிட்டுப் பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறுவான். கடலில் பிறந்து வளர்ந்தவன், எத்தனை ஆழமென்றாலும் குதிப்பான். உயரம்தான் அவனுக்கு ஆகாது. நான் அவனை விடவில்லை. டீக்கடையில், கம்பத்தடியில், ஜீப்பில் என்று போகிற இடமெல்லாம், "மாதாவே, எனக்குப் பயமா இருக்கு" என்று அவன் குரலிலேயே சொல்லிக்காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். இப்படிப் பத்து வருடத்துக்கு மேல் ஓடியது.

எங்கள் லைன் இன்ஸ்பெக்டர் சாகுல் சார் மட்டும் சிரிக்க மாட்டார். ஒல்லியான மனிதர், ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. வெயிலுக்கு ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கம்பத்தடியில் நிற்பார். லைனில் வேலை என்றால் முதலில் துணைமின் நிலையத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தி அனுமதி வாங்க வேண்டும். பிறகு கம்பத்துச் சுவிட்சைத் திறந்து, அதன் மூன்று கத்திகளும் விலகியிருப்பதைக் கண்ணால் பார்த்து, பூட்டுப் போட்டு, சாவியை ஏறுகிறவனே சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு எர்த் ராடு. ஒரு இரும்பு ஆணியை மண்ணில் அடித்து இறக்கி, அதிலிருந்து வருகிற ஒயர்களின் கொக்கிகளை நீளக் கம்பால் தூக்கி மூன்று கம்பியிலும் மாட்ட வேண்டும். தப்பித்தவறி மின்சாரம் வந்தால் அது ஆளைத் தொடுவதற்கு முன்னால் மண்ணுக்குப் போய்விடும். இதை வேலை நடக்கிற கம்பத்துக்கு இந்தப் பக்கத்துக் கம்பத்திலும் அந்தப் பக்கத்துக் கம்பத்திலும், இரண்டு இடத்திலும் போட வேண்டும்.

எங்கள் கடற்கரையில் இன்னொரு வேலையும் உண்டு. மேல்மணல் காய்ந்து கிடக்கும், காய்ந்த மணலில் அடித்த ஆணியால் பிரயோசனமில்லை. ஈரம் வரும்வரை தோண்டி, ஆணியைச் சுற்றி ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். நாங்கள் கொண்டுபோன குடிதண்ணீரைத்தான் ஊற்றுவோம். குடிக்கத் தண்ணீர் விலைக்கு வாங்குகிற ஊர்களில், அதை மண்ணில் கவிழ்ப்பதைப் பார்த்துப் பெண்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். சாகுல் சார் தன் பங்குத் தண்ணீரையும் எடுத்து ஊற்றிவிட்டு, அவர்களைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார்.

பிறகு அவருடைய விசாரணை ஆரம்பமாகும்.

"ராடு போட்டாச்சாப்பா?"

"ஆச்சு சார்."

"ஆச்சுங்கறது வாயி சொல்றது. கை என்ன பண்ணுச்சு, அதச் சொல்லு."

"ரெண்டடி தோண்டுனேன் சார். ஈரம் வந்துச்சு. ஆணிய அடிச்சேன். தண்ணி ஊத்துனேன். ஒயரை முறுக்கி போல்ட்டு போட்டேன். மூணு கம்பியிலயும் கொக்கி மாட்டுனேன்."

"யாரு பாத்தா?"

"அந்தோணி பாத்தான்."

"அந்தோணி, நீ என்ன பாத்த? அவன் சொன்னதச் சொல்லாத, நீ பாத்ததச் சொல்லு."

எத்தனை அவசரமென்றாலும் இது முடியாமல் யாரும் ஏற முடியாது. எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள் கேட்டேவிட்டேன். இந்தப் பக்கம்தான் மின்சாரம் வருகிறது, அந்தப் பக்கம் எதற்கு ராடு என்று. "இங்கிட்டு இருக்கிறது நம்ம ஆளு, சொன்னா நிப்பாட்டுவான். அங்கிட்டு எவன் ஜெனரேட்டர் போடுவான்னு ஒனக்குத் தெரியுமா?" என்றார். எங்கள் லைன்களின் கடைசியில் ஐஸ் கம்பெனிகளும் இறால் பண்ணைகளும் இருக்கும். சுவிட்சை முறையாக மாற்றாமல் ஒருவன் ஜெனரேட்டரை ஓட்டினால், அந்த மின்சாரம் டிரான்ஸ்பார்மர் வழியாகப் பல மடங்காகப் பெருகி, நாங்கள் செத்த லைன் என்று நினைத்துத் தொட்டுக்கொண்டிருக்கிற கம்பிக்கே திரும்பி வந்துவிடும். எங்கள் பாஷையில் அதற்கு ரிட்டன் என்று பெயர்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் கார்த்திகை மாதம் ஒரு புயல் அடித்துப் போனது. இரண்டாம் நாள் நல்ல வெயில். சாயல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு மீனவர் குடியிருப்பு இரண்டு நாளாக இருட்டில் கிடந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊருக்குப் போகிற லைன் ஓர் ஓடையைத் தாண்டிப் போகும். இந்தக் கரையில் ஒரு கம்பம், அக்கரையில் உடைமரக் கூட்டத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அடுத்த கம்பம். காற்றில் பறந்த தகரம் ஒன்று, இந்தக் கரைக் கம்பத்தில் இரண்டு பக்கத்துக் கம்பிகளையும் இணைக்கிற துண்டுக் கம்பிகள் மூன்றையும் அறுத்துப் போட்டிருந்தது. அவற்றை மாற்றினால் போதும், இரண்டு ஆள் வேலை. சாகுல் சார் எங்களை இறக்கிவிட்டு, வேறோர் இடத்தில் சாய்ந்துவிட்ட டிரான்ஸ்பார்மரைப் பார்க்க மற்றவர்களோடு ஜீப்பில் போனார். போகும்போது, "ரெண்டு பக்கமும். நான் வந்து கேப்பேன்" என்றார். செல்போன் கோபுரமும் புயலில் படுத்துவிட்டதால் போனில் கேட்க வழியில்லை.

இந்தப் பக்கத்துச் சுவிட்சையும் ராடையும் நானும் அந்தோணியும் சேர்ந்தே முடித்தோம். அந்தப் பக்கத்துக்கு இன்னொரு செட் ராடைத் தோளில் போட்டுக்கொண்டு நான் கிளம்பினேன். "நான் போகவா?" என்று அந்தோணி கேட்டான். மாரளவுத் தண்ணீர் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. "நீ மாதாகிட்டப் பேசிக்கிட்டு இரு. நான் கீழ்ப்பக்கமாத் தாண்டிப் போட்டுட்டு வாரேன்" என்றேன். அவன் சிரித்தான்.

புதர் மறைவில், வளைவுக்கு அப்பால், ஓடைக்கரையில் நின்றேன். எப்போதும் கணுக்கால் நனைகிற ஓடை அது. அன்று செம்பழுப்பாகக் கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பனை மட்டை என் முன்னால் வந்து, சுழன்று, ஒரு நொடியில் உள்ளே போய்விட்டது. பேண்ட்டை முழங்கால் வரை மடித்து விட்டு ஒரு காலை வைத்தேன். காலடி மண் நழுவியது. காலை எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன், மறுபடி எடுத்தேன். ஏழு வயதில் குடித்த கண்மாய்த் தண்ணீர் தொண்டைக்கு வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

திரும்பிப் போய், "அந்தோணி, எனக்கு நீச்சல் தெரியாது, நீ போ" என்று சொல்லியிருக்கலாம். ஐந்தே நிமிடத்தில் அவன் போட்டுவிட்டு வந்திருப்பான். அதுகூட வேண்டாம். அக்கரைக் கம்பிகள் வந்து சேர்வதே எங்கள் கம்பத்தில்தான், அந்தக் கொக்கிகளை இந்தக் கரையிலிருந்தே அவற்றில் மாட்டியிருக்கலாம். முறைப்படி சரியில்லாவிட்டாலும் உயிருக்குக் காவல். அதையும் நான் யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் செய்யவில்லை. மாட்டினால் நான் ஓடையைத் தாண்டவில்லை என்று அந்தோணிக்குத் தெரிந்துவிடும். பத்து வருடமாக நான் கேலி செய்தவனுக்கு என் பயம் தெரிந்துவிடும். ராடு செட்டை உடைமரப் புதருக்குள் தள்ளிவிட்டு, மடித்த பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

"போட்டுட்டியா?"

"ஆச்சு."

அந்தோணி என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு கம்பத்தில் கை வைத்தான், சிலுவை போட்டுக்கொண்டான். வழக்கமாகச் சொல்வதை அன்று சொல்லவில்லை. நான் அதைக் கவனித்தேன், ஏன் என்று யோசிக்கத் தோன்றவில்லை. பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறினான்.

முதல் துண்டுக் கம்பியை அவன் முடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கரையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் ஒரு இருமல். பிறகு டுடுடுடுவென்று சீராக. இரண்டு நாளாக மீன் அழுகிக்கொண்டிருக்கிற ஊரில் ஐஸ் கம்பெனிக்காரன் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறான். எனக்கு உடனே புரிந்தது. அந்தோணி மேலே இருக்கிறான், அந்தப் பக்கம் ராடு இல்லை. கத்த வேண்டும். ஜெனரேட்டர் ஓடினாலும் கம்பெனிக்காரன் முறையாகச் சுவிட்சை மாற்றியிருப்பான் என்று ஒரு நினைப்பு. கத்தினால், "அதான் ராடு போட்டிருக்கேல்ல, ஏன் கத்துற?" என்று அந்தோணி கேட்பான் என்று இன்னொரு நினைப்பு. நான் கத்தவில்லை. மூன்று மூச்சு விடுகிற நேரம் இருக்கும். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது.

"அந்தோணி! விட்ரு! விட்ரு!"

என் குரல் போய்ச் சேர்வதற்குள் மேலே நீலமாக வெடித்தது. அவன் பின்னால் சாய்ந்தான். பெல்ட் பிடித்துக்கொண்டது. தலை தொங்க, கை தொங்க, கம்பத்தில் மாட்டிய துணி போலக் கிடந்தான். சட்டைக் கையிலிருந்து புகை வந்தது. அந்த வாசனையை நான் எழுத மாட்டேன்.

அவனைத் தொட்டால் நானும் போய்விடுவேன். புதருக்கு ஓடினேன். முள் கிழித்ததே தெரியாமல் ராடு செட்டை இழுத்து வந்து, ஆணியை அடித்து, குடத்துத் தண்ணீர் முழுவதையும் கவிழ்த்து, கொக்கியைத் தூக்கி அக்கரைக் கம்பியில் மாட்டினேன். பளீரென்று ஒரு வெளிச்சம். அக்கரையில் ஜெனரேட்டர் திணறி நின்றது. பிறகு ஏறினேன். கயிறு கட்டி அவனை இறக்கினேன். மூச்சு இருந்தது. நான் ராடு மாட்டும்போதே, வெடித்த சத்தம் கேட்டு இந்தக் கரையில் இருந்தவர்கள் ஓடிவந்துவிட்டார்கள். டிராக்டரில் சாயல்குடிக்கு, அங்கிருந்து இராமநாதபுரத்துக்கு, பிறகு மதுரைக்கு. உயிர் தப்பியது, இடது கையில் மூன்று விரல்கள் போயின. பார்த்தவர்கள் பார்த்தது, நான் வெறிபிடித்தவன் போல ராடு மாட்டியதையும் கம்பத்தில் ஏறியதையும்தான். அன்று மாலைக்குள் நான் வீரனாகிவிட்டேன்.

சாகுல் சார் வந்து சேர்ந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அவர் என்னிடம் வரவில்லை. முதலில் பக்கத்துக் கம்பத்தைப் பார்த்தார். அங்கே ஒரு செட் தொங்கியது. பிறகு எங்கள் கம்பத்தைப் பார்த்தார், இங்கே ஒரு செட். ஜீப்பிலிருந்து நாங்கள் இறக்கியது இரண்டே செட், அப்படியென்றால் அக்கரையில் எதுவும் இல்லை. அத்தனை கூட்டத்தில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவர் பார்த்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எப்போதும் போல மெதுவாகக் கேட்டார்.

"கை என்ன பண்ணுச்சுப்பா?"

அவர் காத்திருந்தார். தலைத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெயிலில், காத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாது சார்" என்றேன்.

ஓடையைத் திரும்பிப் பார்த்தார். "யா அல்லா" என்றார். "இத எங்கிட்டச் சொல்லி என்னப்பா ஆகப்போவுது? கை போனது அவனுக்கு. அவன்ட்டச் சொல்லு."

விசாரணை வந்தது. சுவிட்சை மாற்றாமல் ஜெனரேட்டர் ஓட்டிய ஐஸ் கம்பெனிக்காரர் மேல் வழக்குப் போனது. வெள்ளத்தால் மறுபக்கம் ராடு போட முடியவில்லை என்று சாகுல் சார் எழுதினார். அதில் பொய் இல்லை, என் பெயரும் இல்லை. வேலை நடக்கும் இடத்தை விட்டு இன்ஸ்பெக்டர் போனது தவறு என்று அவருக்குத்தான் ஓலை வந்தது, பதவி உயர்வு தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஓய்வு பெறும்வரை கம்பத்தடியில் "கை என்ன பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பது அந்த நாளைத்தான் என்று எனக்குப் படும். மூன்று வருடத்துக்கு முன் வஃபாத் ஆகிவிட்டார். அடக்கம் செய்கிற அன்று ஜனாஸாவுக்குப் போய் நின்றேன். அப்போதும் நான் அந்தோணியிடம் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வேலையில் வளர்ந்தேன் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பெல்ட் இல்லாமல் ஒரு படி ஏறவில்லை. சாவியை மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். ராடு போட்ட இடத்தில் என் கையால் மண்ணைத் தோண்டி ஈரம் பார்த்தேன். சாகுல் சார் போன பிறகு அவருடைய கேள்விகளை நான் கேட்டேன். என் பொறுப்பில் இருந்த லைன்களில் அதன் பிறகு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "அவ்வளவு தைரியமான ஆளே இவ்வளவு கவனமா இருக்காரே" என்று புதியவர்கள் சொல்வார்கள். பயந்து நடுங்குகிறவனின் வேலை அது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கண்ணாடி முன்னால் நின்று நானாகச் செய்துகொண்ட ஆளை அவர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை நல்ல வேலைக்காரனாக ஆக்கியது அந்த ஆளல்ல, ஓடைக்கரையில் காலை வைத்து வைத்து எடுத்தவன்தான். அவனை ஒளித்துவைக்காமல் இருந்திருந்தால் மூன்று விரல்கள் இருந்திருக்கும்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்காமல் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறேழு மாதம் கழித்து, ஸ்டோரில் வேலை பார்க்க ஆரம்பித்திருந்த அந்தோணி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் வீட்டுக்கு வந்தான். "மாப்ள, வா, ஒனக்கு நீச்சல் கத்துத் தாரேன்" என்றான். எனக்கு நீச்சல் தெரியாதென்று சாகுல் சாரைத் தவிர யாருக்கும் தெரியாது, அவர் சொல்லுகிற ஆளும் இல்லை. "யாருடா சொன்னா?" என்று கேட்கப் பயந்து அவன் பின்னால் போனேன். கடலில் கழுத்தளவுக்குக் கூட்டிப்போய், அந்த இரண்டு விரல் கையால் என் முதுகைத் தாங்கிப் பிடித்து மிதக்க வைத்தான். அந்த இரண்டு விரலும் முதுகில் பட்டபோது நான் கடல் தண்ணீரில் அழுதேன்.

ஓய்வு பெற்ற மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் கல்லின் மேல் வைத்து மீன் நறுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு விரலால் மீனை அழுத்திப் பிடித்திருந்தான்.

"வாடா. சால்வையப் போட்டுக்கிட்டு வருவேன்னு பாத்தேன்" என்றான்.

"அந்தோணி, அன்னிக்கு நான் ஓடையத் தாண்டலடா."

"தெரியும்" என்றான். கத்தி நிற்கவில்லை.

"சாகுல் சார் சொன்னாரா?"

"அவரு ஏன் சொல்லணும்? நீ திரும்பி வந்தப்ப ஒன் பேண்ட்டு காஞ்சு கெடந்துச்சு. மாரளவு தண்ணிய எவன்டா நனையாமத் தாண்டுவான்?"

பன்னிரண்டு வருடமாக என் பேண்ட்டைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. "பாத்துட்டா ஏறுன? ஏன்டா ஏறுன?"

"கேக்கணும்னு வாயெடுத்தேன். கேட்டா நீ சிரிப்ப. மறுநா டீக்கடையில என் கொரல்ல சொல்லிக் காட்டுவ. அன்னிக்கு ஒரு நாளாச்சும் பயப்படாதவனா இருந்து பாப்பமேன்னு தோணுச்சு." மீன் தலையைத் தனியாக எடுத்து வைத்தான். "மூணு வெரல்ல ஒண்ணு ஒன்னோடது. ஒண்ணு ஐஸ் கம்பெனிக்காரனோடது. ஒண்ணு என்னோடது. நான் எப்பவோ பிரிச்சுக் குடுத்துட்டேன். நீ ஏன் இன்னும் தூக்கிக்கிட்டுத் திரியிற?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். எழுந்து டீ போடச் சொல்ல இருந்தான். ஆனால் அவன் பார்க்காதது ஒன்று இருந்தது.

"இன்னொண்ணு இருக்குடா. ஜெனரேட்டர் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கேட்டதும் புரிஞ்சிருச்சு. ஒடனே கத்தல."

கத்தி நின்றது. "எம்புட்டு நேரம்?"

"மூணு மூச்சு இருக்கும்."

அவன் தன் கையைப் பார்த்தான். குழாயைத் திறந்து கையைக் கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

"அப்ப என்னோடதையும் நீயே வச்சுக்க" என்றான்.

நான் எழுந்து, "வாரேன்டா" என்றேன். வழக்கமாக வாசல் வரைக்கும் வருவான், "பாத்துப் போ" என்பான். அன்று குழாயடியிலேயே நின்றான்.

பிள்ளைகளா, பயத்தை எப்படி விட்டேன் என்று கேட்டீர்கள். நான் விடவில்லை. இதை எழுதி முடித்ததும் முதலில் அந்தோணியிடம்தான் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். அவன் படித்துவிட்டு வேண்டாமென்றால் உங்களுக்கு வராது. சட்டை மாட்டியாகிவிட்டது, இந்தக் கடைசித் தாளைத் தவிர மற்றதையெல்லாம் மடித்துப் பையில் வைத்தாகிவிட்டது. பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது.